கண் அசந்த நேரம்

போன ஆவணியில் ஒரு மதியம் அம்மா கண் அசந்துவிட்டாள். நடந்தது அவ்வளவுதான். அப்பத்தாவுக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்து, கட்டிலில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். முந்தின இரவு அப்பத்தா நான்கு முறை எழுந்து, "விடிஞ்சிருச்சு, மாட்டை அவுக்கணும்" என்று கதவைத் தட்டியிருக்கிறாள். எங்கள் வீட்டில் மாட்டை விற்று இருபது வருஷம் ஆகிறது. அம்மா விழித்துப் பார்த்தபோது கட்டில் காலி. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

இரண்டரை மணி நேரம் கழித்து, ஊர் விலக்கு பஸ் ஸ்டாப்பில் அப்பத்தா கிடைத்தாள். பிறந்த ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தாளாம். எதிர்த்த டீக்கடைக்காரர் ஒரு டீயும் பன்னும் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அன்று சாயங்காலம் போன் மேல் போன். திருப்பூர் அத்தை, மதுரைச் சித்தப்பா, யார் யாரோ. எல்லோரும் அம்மாவிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?" அப்பாவிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. அவர் கடையில் இருந்தார், அது போதுமான பதில். அம்மாவிடம் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான். நானூறு கிலோமீட்டர் தள்ளி, ஏசி ஓடும் ஒரு ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"தூங்கிட்டேன்டா" என்றாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி இருந்தது குரல்.

நான் ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய உதிரிபாகக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளன். மறுநாள் லீவு கேட்டபோது என் மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாகோயா பக்கத்துக்காரர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓபு" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. அது அவர் ஊருக்குப் பக்கத்து ஊரின் பெயர். வீட்டுக்குப் போகும் ரயிலில் தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் பல மாதம் ஓடி, ஜப்பான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை அகராதியோடு உட்கார்ந்து வாசிப்பதில் முடிந்தது.

2007 டிசம்பர் 7. அய்ச்சி மாகாணத்தில் ஓபு என்ற நகரம். 91 வயது முதியவர், டிமென்ஷியா முற்றியவர், பகல்நேரப் பராமரிப்பு மையத்திலிருந்து மாலை நாலரை மணிவாக்கில் வீடு திரும்புகிறார். வீட்டில் 85 வயது மனைவி. அவருக்கே பிறர் உதவி தேவை என்று அரசு சான்று கொடுத்திருந்தது. கூட மூத்த மருமகள். மாமனாரைப் பார்த்துக்கொள்வதற்காகவே யோகோஹாமாவில் கணவனை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்து தங்கியவர். முதியவர் ஒரு அட்டைப்பெட்டியில் சிறுநீர் கழித்துவிட, மருமகள் அதைச் சுத்தம் செய்யப் போகிறார். மனைவி உட்கார்ந்த இடத்தில் கண் அசந்துவிடுகிறார். அந்த இடைவெளியில் முதியவர் வெளியேறி, ரயிலேறி, அடுத்த ஸ்டேஷனான க்யோவாவில் இறங்கி, நடைமேடையின் கோடியிலிருந்து தண்டவாளத்துக்குப் போய்விட்டார். ஆறு மணிக்குச் சற்று முன்பு ரயில் மோதி இறந்தார்.

அந்தக் குடும்பம் அசட்டையாக இருக்கவில்லை. முன்பு இரண்டு முறை அவர் இப்படிக் காணாமல் போயிருந்ததால் சட்டைகளில் பெயரும் போன் நம்பரும் எழுதிய துணியைத் தைத்து வைத்திருந்தார்கள். வாசலில் சென்சார் மாட்டியிருந்தார்கள். ஆனால் வீட்டோடு சேர்ந்திருந்த பழைய கடையறையின் கதவிலிருந்த சென்சாரை அணைத்து வைத்திருந்தார்கள். அவர் அந்த வழியாகப் போய்விட்டார். தீர்ப்பில் இந்த சென்சார் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு எங்கள் கொல்லைக் கதவு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

துக்கம் ஆறும் முன்பே ரயில்வே நிறுவனம் நஷ்டஈடு கேட்டது. ரயில்கள் தாமதமானதற்கும் பயணிகளை வேறு வழியில் அனுப்பியதற்கும் சேர்த்து சுமார் 72 லட்சம் யென். நம் பணத்தில் 40 லட்ச ரூபாயை ஒட்டி வரும். 2013 ஆகஸ்டில் நாகோயா மாவட்ட நீதிமன்றம், மனைவியும் மூத்த மகனும் முழுத்தொகையையும் கட்ட வேண்டும் என்றது. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க முடியாதவரை மேற்பார்க்கும் கடமை உள்ளவர், அவர் விளைவிக்கும் நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று ஜப்பானிய சிவில் சட்டம் சொல்கிறது. மனைவி தூங்கியது அசட்டை. மகன் யோகோஹாமாவில் இருந்தாலும் பராமரிப்பைப் பற்றி முடிவெடுத்தவர் அவர், ஆகவே அவரும் பொறுப்பு.

இந்த இரண்டாவது காரணத்தை வாசித்தபோதுதான் எனக்குச் சில்லிட்டது. அக்கறைப்பட்டுப் பேசி, திட்டம் போட்டுப் பொறுப்பெடுத்த மகன் சட்டத்தின் பார்வையில் மாட்டிக்கொள்கிறான். எதிலும் தலையிடாமல் ஒதுங்கியிருந்திருந்தால் தப்பித்திருப்பான். நம் வீடுகளிலும் இந்தச் சட்டம் எழுதப்படாமல் அமலில் இருக்கிறது. திருப்பூர் அத்தையை யாரும் எதுவும் கேட்பதில்லை.

நான்கு சுவருக்குள் நடக்கும் ஒரு தூக்கம் எப்படிக் கோர்ட்டுக்குப் போகும் நிலை வந்தது என்று புரிந்துகொள்ள, இன்னும் பின்னால் போக வேண்டியிருந்தது.

1972இல் சவாகோ அரியோஷி என்ற எழுத்தாளர் ஒரு நாவல் வெளியிட்டார். ‘கோகோட்சு நோ ஹிதோ’. ‘பரவசத்தில் இருப்பவர்’ என்று சொல்லலாம். மாமியார் திடீரென இறந்த பிறகுதான் மாமனாருக்கு மூளை தடுமாறியிருப்பது வீட்டுக்குத் தெரிகிறது. மருமகள் அகிகோ வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பவள். கிழவர் ராத்திரியில் எழுப்புகிறார், தெருவில் ஓடுகிறார், இவள் பின்னாலேயே ஓடுகிறாள். புருஷன்காரன் அப்பாவைப் பார்த்து, நாளைக்கு நமக்கும் இதுதானோ என்று பயந்துபோய் ஒதுங்கிக்கொள்கிறான். அந்தக் கிழவர் பெற்ற மகனை அடையாளம் தெரியாதவர். காலமெல்லாம் தான் கரித்துக்கொட்டிய மருமகளை மட்டும் அவருக்குத் தெரியும். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வாசித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் அப்பத்தா அப்பாவைப் பார்த்து, "யாரு இவரு, கரண்டு பில்லுக்காரரா?" என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்பாள்.

நாவல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மறுவருஷமே படமாக வந்தது. இலக்கிய விமர்சகர்கள் என்ன சொன்னார்களோ, வாசித்த பெண்களுக்கு அது தங்கள் வீட்டுக் கதை. மருமகளுக்கு ஜப்பானிய மொழியில் ‘யோமெ’ என்று பெயர். அந்தச் சித்திர எழுத்தை உடைத்தால் ‘பெண்’, ‘வீடு’ என்று இரண்டு துண்டு கிடைக்கும். வயதானவர்களைக் கழுவித் துடைப்பது யோமெயின் வேலை. அதை நன்றாகச் செய்த மருமகள்களுக்கு உள்ளாட்சிகள் விருதுகூடக் கொடுத்திருக்கின்றன, ‘முன்மாதிரி மருமகள்’ என்று. பின்னாளில் பெண்கள் அமைப்புகள் இந்த விருதுகளைக் கடுமையாக எதிர்த்தன. பட்டம் கொடுத்தே வேலை வாங்குவதில் நம் ஊரும் சளைத்ததில்லை. "மருமக இல்ல, மக மாதிரி" என்று அம்மாவை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு ராத்திரி வந்து அப்பத்தா பக்கத்தில் படுத்ததில்லை.

1980 ஜனவரியில் கியோட்டோவில் பராமரிப்பவர்கள் தாங்களே கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். ‘போகெ’ ஆன முதியவரை வைத்திருக்கும் குடும்பங்களின் சங்கம் என்று பெயர். போகெ என்றால் மழுங்கியது, மந்தமானது. இன்று கேட்க என்னவோபோல் இருக்கிறது. அன்று அவர்கள் வாயில் இருந்த சொல் அதுதான். ஒருவர் கதையை ஒருவர் கேட்பது, ஓய்வு எடுக்க வழி கேட்டு அரசுக்கு மனுப் போடுவது என்று வளர்ந்தது.

2000 ஏப்ரலில் முதியோர் பராமரிப்புக் காப்பீடு அமலுக்கு வந்தது. 40 வயதானவர்கள் எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும். 65க்கு மேல் தேவைப்படுகிறவருக்கு எந்த அளவு உதவி வேண்டும் என்று அளந்து, அதற்கேற்ப வீட்டுக்கு ஆள் வருவார், பகல்நேர மையத்துக்கு வண்டி வரும். தொடக்கத்தில் செலவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் குடும்பத்தினுடையது. இந்தத் திட்டம் உருவானபோது நடந்த ஒரு விவாதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு ரொக்கமாக உதவித்தொகை கொடுக்கலாமே என்று ஒரு கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல பெண்கள் அமைப்புகள் கூடாது என்றன. பணம் குடும்பத்துக்குப் போகும், வேலை மருமகளிடமே இருக்கும், "காசுதான் வருதுல்ல" என்று அவள் வாயையும் அடைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். கடைசியில் ரொக்கம் இல்லை, சேவை மட்டும் என்று முடிவானது. எனக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அம்மா கையில் மாதம் கொஞ்சம் பணம் வந்தால் அது அவள் பணமாக இருக்கும் என்று ஒரு மனம் சொல்கிறது. அதை அப்பா வாங்கிக் கடைச் சரக்குக்குப் போட்டுவிடுவார் என்று இன்னொரு மனம் சொல்கிறது. இரண்டாவது மனதுக்கு அனுபவம் அதிகம்.

அடுத்து மாறியது சொல். டிமென்ஷியாவுக்கு ஜப்பானில் அதுவரை வழங்கிய மருத்துவச் சொல் ‘சிஹோ’. இரண்டு எழுத்து, ஒன்றுக்கு முட்டாள்தனம் என்று பொருள், மற்றதற்கு மந்தம். மருத்துவச் சீட்டிலேயே வசவு. 2004 அக்டோபரில் கியோட்டோவில் நடந்த சர்வதேச மாநாட்டில், இளம் வயதிலேயே இந்த நோய் வந்த ஒரு ஜப்பானியர் தன் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டி மேடையில் பேசினார். அந்த டிசம்பரில் அரசு சிஹோவைக் கைவிட்டு ‘நிஞ்சிஷோ’ என்று மாற்றியது. அறிதல் சார்ந்த நோய் என்ற அளவில் ஒரு வறட்டுச் சொல். வறட்சிதான் அதன் நன்மை. குடும்பங்களின் சங்கமும் 2006இல் போகெயைத் தன் பெயரிலிருந்து எடுத்தது.

தமிழில் நமக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ‘அறளை பேர்ந்திட்டுது’ என்பார். எங்கள் ஊரில் ‘புத்தி தடுமாறிருச்சு’, ‘சின்னப்புள்ளையா ஆயிட்டாக’. பத்திரிகைகளில் மறதி நோய். அப்பத்தாவுக்கு மறதியைவிடப் பெரிய தொல்லை பயம். ராத்திரியானால் தான் யார் வீட்டிலோ மாட்டிக்கொண்டதாக அழுவாள். மறதி என்ற சொல்லுக்குள் அந்த அழுகை அடங்குவதில்லை. அதனால்தான் திருப்பூர் அத்தை போனில், "வயசானா மறதி வரத்தானே செய்யும், அதுக்கு ஏன் இம்புட்டு அலுத்துக்கிறே?" என்று அம்மாவிடம் கேட்க முடிகிறது.

பெயர் மாற்றத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் கஸுவோ ஹசெகாவா என்ற மனநல மருத்துவர். ஜப்பானில் டிமென்ஷியா சோதனை என்றாலே இவர் பெயர்தான். 1974இல் இவர் வகுத்த கேள்வித்தாள் திருத்தங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு என்ன வயது, இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள். செர்ரிப்பூ, பூனை, ரயில் என்று மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். 2017இல் தன் 88ஆவது வயதில் ஹசெகாவா தனக்கே டிமென்ஷியா வந்திருப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தார். கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம் தீராமல் திரும்பத் திரும்ப வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாராம். குடும்பத்தினர் ஓய்வெடுக்கப் பகல்நேர மையங்கள் அவசியம் என்று பல காலம் வலியுறுத்தியவர் அவர். அங்கே தானே போய் உட்கார வேண்டி வந்தபோது பிடிக்கவில்லை, தனியாக உணர்ந்தார். ஆனால் அவர் வீட்டில் இருந்தால் மனைவிக்கு ஓய்வில்லை. வாழ்நாள் முழுக்க இதையே படித்தவராலும் இந்தக் கணக்கைத் தீர்க்க முடியவில்லை. 2021இல் இறந்தார்.

அப்பத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருப்பது இதே கணக்குதான். கொல்லைக் கதவைப் பூட்டினால் அப்பத்தா கதவை அடித்து அடித்துக் கை வீங்கிப்போகிறது. பூட்டாவிட்டால் அம்மா தூங்க முடியாது.

ஓபு வழக்குக்கு வருகிறேன். மேல்முறையீட்டில், 2014 ஏப்ரலில், நாகோயா உயர் நீதிமன்றம் மகனை விடுவித்தது. தொகையைப் பாதியாக்கி அதை மனைவி தலையில் மட்டும் வைத்தது. கணவன் மனைவி கூடி வாழ்ந்து ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், மேற்பார்க்கும் கடமை மனைவிக்கு உண்டு என்பது காரணம். அப்போது அந்த அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டியிருந்தது. நாடு முழுக்கக் கொந்தளிப்பு. தாத்தா பாட்டியைக் கட்டிப்போட்டு வைக்கச் சொல்கிறதா கோர்ட் என்று கேட்டார்கள்.

2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. மனைவி என்பதாலோ மகன் என்பதாலோ ஒருவர் தானாகவே மேற்பார்வையாளர் ஆகிவிடுவதில்லை. சேர்ந்து வாழ்கிறாரா, அவருடைய உடல்நிலை என்ன, எவ்வளவு தூரம் பராமரிப்பில் ஈடுபட்டார் என்று எல்லாவற்றையும் பார்த்தே சொல்ல வேண்டும். இங்கே மனைவியே உதவி தேவைப்படுகிறவர். மகன் இருபது வருஷத்துக்கு மேல் தனியே வசிப்பவர், மாதம் மூன்று முறைபோல வந்து போனவர். இவர்களால் அவரைத் தடுத்து நிறுத்தியிருக்க முடியாது.

தீர்ப்பை எல்லோரும் கொண்டாடினார்கள். நான் அகராதியும் கையுமாக வாசித்தபோது ஒரு நெருடல் மிச்சமிருந்தது. ஈடுபாட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால், நல்ல உடம்போடு கூடவே இருந்து முழுநேரமும் பார்த்துக்கொள்கிறவர் இன்னமும் மாட்டலாம். இரண்டு நீதிபதிகள் தனிக்கருத்தில், மகன் மேற்பார்வையாளருக்கு ஒப்பானவர்தான், ஆனால் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார், அதனால் விடலாம் என்று எழுதினார்கள். எனக்கு அந்த வழி நேர்மையானதாகத் தோன்றுகிறது. பொறுப்பே இல்லை என்று சொல்லி விடுவிப்பதற்குப் பதிலாக, நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய் என்று சொல்லி விடுவிக்கிறார்கள். அம்மாவிடம் யாராவது இந்த இரண்டாவதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த யாராவது நானாக இருக்கலாம் என்பது உறைக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமானவை. 2017இல் யமாதோ என்ற நகராட்சி, தொலைந்துபோகும் அபாயம் உள்ள முதியவர்களுக்காகத் தானே பிரீமியம் கட்டி, விபத்து நஷ்டஈட்டுக் காப்பீடு எடுத்தது. 2019இல் கோபே நகரம், இப்படி நஷ்டஈடு கொடுக்கவும் இலவசமாகச் சோதித்துப் பார்க்கவும் நகரவாசிகளின் வரியில் வருஷத்துக்கு ஆளுக்கு 400 யென் கூட்டியது. ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை. அதைவிட எளிமையானது 2005இல் தொடங்கிய இன்னொரு திட்டம். தொண்ணூறு நிமிஷ வகுப்பு. பேங்க் ஊழியர், கடைக்காரர், பள்ளிப்பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வழி தெரியாமல் நிற்கும் முதியவரிடம் பின்னாலிருந்து கூப்பிடாமல் எதிரே வந்து, ஒரே ஆளாக, நிதானமாகப் பேசுவது போன்ற விஷயங்கள். இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். எங்கள் விலக்கு ரோட்டு டீக்கடைக்காரர் எந்த வகுப்புக்கும் போனவரில்லை. அவரை நம்பி மட்டும் ஒரு ஊர் இருக்க முடியாது என்பதும் தெரிகிறது. இத்தனைக்கும் பிறகு ஜப்பானில் 2023இல் மட்டும், டிமென்ஷியா உள்ளவர்களைக் காணவில்லை என்று போலீசுக்கு வந்த புகார்கள் 19,039. அந்த வருஷம்தான் டிமென்ஷியாவுக்கென்றே ஒரு அடிப்படைச் சட்டமும் நிறைவேறியது.

ஓபு விபத்து நடந்த அதே 2007 டிசம்பரில் இந்தியாவில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. தேவையான சட்டம்தான். ஆனால் கைவிடாமல் வைத்திருப்பவள் ஒரு மதியம் எங்கே தூங்குவது என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஒவ்வொருவர் பக்கத்திலும் வெறுந்தரையில் ஒரு அம்மா படுத்திருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த எண் எந்தக் கணக்கிலும் வராது.

தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியவில்லை. பதிலாக மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனி ஞாயிறு நான் போய் அப்பத்தாவோடு படுப்பது என்று ஏற்பாடு. ஓபு மகனைவிட ஒரு முறை குறைவு. முதல் ராத்திரி மூன்று தடவை எழுப்பினாள். மாட்டை அவிழ்க்க வேண்டாமா என்று கேட்டாள். அவிழ்த்துவிட்டேன் என்றதும் தூங்கிவிட்டாள். இதை அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். மாடு இல்லை என்று சொன்னால் அழுவாளாம்.

போன வாரம் போனில் அம்மாவிடம் அந்த வழக்கை முழுவதும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். தீர்ப்பு வந்தபோது அந்த அம்மாவுக்குத் தொண்ணூற்று மூன்று வயதிருக்கும் என்றதற்கு, "எட்டு வருசமா கோர்ட்டுக்கு இழுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அந்த மணி அடிக்கிற மிசினை ஏன்டா அமத்தி வச்சிருந்தாக?"

தெரியலம்மா என்றேன்.

"சும்மா சும்மா அடிச்சிருக்கும். மனுசன் எத்தனை தடவதான் எந்திரிச்சுப் பாக்குறது" என்றாள். "சரி வையி, அத்தை முழிச்சிட்டாக."